முதலில் ராம், அப்புறம் லினக்ஸ்

கேள்வி: 2012-ல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். குரோம் அப்டேட் ஆவதில்லை. "லினக்ஸ் போடு பாட்டி, இலவசம்" என்கிறான் பேரன். உபுண்டு, மின்ட், லுபுண்டு என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தமிழில் தட்டச்சு செய்யணும். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளும் நிறைய இருக்கின்றன. எதைப் போடலாம்?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியை, தென்காசி

பதில்: பேரன் சொல்வது சரிதான் அம்மா. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருள்தான் லினக்ஸ்; உபுண்டு, மின்ட், லுபுண்டு எல்லாம் அதன் வகைகள். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. 2023-ல் குரோமும் கைவிட்டது. ஆனால் பெயர்களைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் ஒரு வேலை: ராமை, அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தை, கூட்டுங்கள். எந்த லினக்ஸ் போட்டாலும் பிரௌசரில் நான்கு டேப் திறந்தால் 2 ஜிபி மூச்சுத் திணறும். அந்தக் காலத்து மடிக்கணினிக்கு டிடிஆர்3 வகை ராம் செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள். வேகத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்தது பிராசசர், அதாவது கணினியின் மூளை. அது 64 பிட் வகையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 32 பிட் என்று காட்டினால் பயப்படாதீர்கள். 64 பிட் பிராசசரிலும் 32 பிட் விண்டோஸைப் போட்டு விற்ற காலம் அது. பிராசசரின் பெயரைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். 64 பிட்தான் என்றால் என் ஓட்டு லினக்ஸ் மின்ட்டுக்கு, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு. கீழே இடது மூலையில் மெனு, விண்டோஸ் 7 மாதிரியே இருக்கும். பழகிய கை தடுமாறாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ராமைக் கூட்டவே முடியாது என்றால் மட்டும் இன்னும் இலகுவான லுபுண்டு.

பேரனின் கணினியில் ஒரு 8 ஜிபி பென்டிரைவைத் தயார்செய்யச் சொல்லுங்கள். நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு வாய்ப்பு வரும். நான் முதன்முதலில் போட்டபோது அதைப் படிக்காமல் அழுத்தினேன். தங்கையின் கல்யாணப் படங்கள் போயே போய்விட்டன. இன்றும் பேச்சு வாங்குகிறேன். எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகே கை வையுங்கள்.

தமிழுக்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு இரண்டும் வரும். வானவில் கோப்புகள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லை. எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதனால் கோப்புகளோடு அந்த எழுத்துருவையும் விண்டோஸிலிருந்து மறக்காமல் எடுத்து வையுங்கள். மின்ட்டில் அதை நிறுவினால் வேர்டு போன்ற லிப்ரே ஆபீஸில் பழையபடி படிக்கலாம்.