பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கும் ரோஜா இரண்டே நாளில் தலை சாய்கிறது. பூ வாடாமலிருக்கக் கடையில் விற்கும் பொடி போடாமல், வீட்டுப் பொருளை வைத்தே ஒரு வாரம் காப்பாற்ற முடியுமா?

முடியும். ரோஜா தலை சாய்வது பெரும்பாலும் தாகத்தால். ஜாடியில் இருந்த காம்பை எடுத்து நுனியைத் தொட்டுப் பாருங்கள், விரலில் கொழகொழவென்று ஒட்டும். அந்த வழவழப்பு பாக்டீரியா. தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்களை அதுதான் அடைக்கிறது. வெறும் சர்க்கரையைப் போட்டால் பூவை முந்திக்கொண்டு அது தின்று பெருகும். அதனால் சர்க்கரையோடு புளிப்பு கட்டாயம் வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து டீஸ்பூன் சர்க்கரை (சுமார் 20 கிராம்), அரை எலுமிச்சையின் சாறு. சாற்றை வடிகட்டியே ஊற்றுங்கள், சக்கையும் குழாயை அடைக்கும். பெங்களூரில் தண்ணீரைக் கவனிக்காமல் இந்த அளவைச் சொல்லவே கூடாது. அரைப் பழம் போதும் என்பது ஆர்.ஓ. தண்ணீருக்கு. உப்புக்கறை படியும் போர் தண்ணீர் என்றால் முழுப்பழம் பிழியுங்கள், அதன் காரத்தன்மை புளிப்பை முறித்துவிடும். அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு அது சோடியத்தைச் சேர்க்கிறது, ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் அது ஆகாது.

ஜாடியைப் பாத்திர சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே, கூரான கத்தியால் இரண்டு செ.மீ. சரிவாக வெட்டுங்கள். வெளியே வெட்டினால் காற்றுக்குமிழி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். முள்ளை மட்டும் தோல் உரியச் சீவாதீர்கள், ஒவ்வொரு காயமும் பாக்டீரியாவுக்கு வாசல்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கரைசலை மாற்றி, காம்பையும் மறுபடி வெட்டுங்கள். ஏப்ரல் வெயிலில் தினமும்.

எல்லாப் பூவுக்கும் ஒரே அளவு இல்லை. சம்பங்கி, கிளாடியோலஸ் இரண்டிலும் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிய வேண்டும், அதற்குச் சர்க்கரையை இரட்டிப்பாக்கலாம். ஜெர்பராவின் காம்பு மென்மையானது, சீக்கிரம் அழுகும். சர்க்கரையே வேண்டாம், எலுமிச்சை மட்டும், ஐந்து செ.மீ. உயரத் தண்ணீர் போதும்.

செம்பு கிருமியைக் கொல்லும் என்று ஜாடியில் காசு போடச் சொல்வார்கள். இன்றைய ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, அதைப் போட்டுப் பயனில்லை. பூவைப் பழக்கூடைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும், கார்னேஷனுக்கு அது ரொம்பவே மோசம்.

வாங்கும்போதே, வெளியிதழ் ஒன்றிரண்டு லேசாகப் பிரியத் தொடங்கிய மொட்டாகப் பாருங்கள். இறுக மூடியது விரியாமலே கழுத்து மடங்கும்.

ஏற்கெனவே தலை சாய்ந்துவிட்டதா? காம்பைப் புதிதாக வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் சுற்றி, கழுத்துவரை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். அடைப்பு நுனியில் மட்டும் இருந்தால் பூ நிமிர்ந்துவிடும்.