'ரன்' எப்போது ஓடும், எப்போது ஓடாது?

மன்னார்குடி நண்பருக்கு: 'ஷீ ரன்ஸ் எ ரைஸ் மில்' என்ற ஆங்கில வாக்கியத்துக்கு உங்கள் மகள் 'மில்லுக்கு ஓடுகிறாள்' என்று எழுதியது பலரும் செய்வதுதான். 'ரன்' உடனே மில், கடை, மோட்டார் என்று வந்தால் நடத்துவது அல்லது இயக்குவது. 'ரன் டு' வந்தால்தான் அங்கே ஓடுவது. ஆறு, வாய்க்கால் என்றால் பாய்வது. ஆனால் வெண்ணாறு 'ரன்ஸ் டிரை' என்றால் வற்றிப்போவது. பம்புசெட்டுக்கு டீசல் தீர்ந்தால் 'ரன் அவுட் ஆஃப் டீசல்'; கிரிக்கெட் ரன் அவுட் வேறு. 'ரன் இன்டு' கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதரை எதிர்பாராமல் சந்திப்பது. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஆள்மேல் ஏறுவது; அங்கே நடக்கவே கூடாதது. தேர்தலில் அமெரிக்கர்கள் 'ஓடுவார்கள்', நாம் நிற்போம். அப்புறம், இறந்தகாலம் 'ரேன்'. 'ஹேவ்', 'ஹேஸ்' முன்னால் வந்தால் மறுபடி 'ரன்' தான். பரீட்சையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இதில்தான்.