பூட்டிய கிணறும் பக்கத்துத் தோப்பு போர்வெல்லும்

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குறும்படம் எடுக்கிறோம். தோப்புக்காரர் கிணற்றைப் பூட்டுகிறார். ஊர் திரண்டு பூட்டை உடைக்கிறது. "நம்மூரில் எவன் கிணற்றைப் பூட்டினான்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கதையை எப்படித் திருத்துவது?

பதில்: பெரியவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். காலிக் குடங்கள், பூட்டிய கிணறு, மீசை முறுக்கும் பண்ணையார் எல்லாம் நம் கிராமத்துப் படங்களுக்குப் பழகிப்போனவை. தண்ணீர்க்காரன் என்று ஒரு முகம் கிடைத்தால் கோபத்தைக் காட்டுவது சுலபம். 'கத்தி' (2014) அந்த இடத்தில் கம்பெனியை வைத்தது. 'தண்ணீர் தண்ணீர்' (1981) இன்னும் கூர்மையான படம். ஊரே கூடி வெட்டும் கால்வாயை அங்கே அரசாங்கம் மறிக்கிறது.

உங்கள் சித்தூர் தாலுகாவில் யாரும் கிணற்றைப் பூட்ட வேண்டியதே இல்லை. பக்கத்துத் தோப்பில் ஆழமாகப் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினால், உங்கள் கிணறு தானே வற்றிவிடும். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமே (Easements Act), நிலத்துக்கு அடியில் திட்டமான வழியில் ஓடாத நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நிலமில்லாதவருக்கு அதில் என்ன பங்கு? இந்த அநியாயம்தான் உங்கள் கதை.

பெருமாட்டி பஞ்சாயத்திலுள்ள பிளாச்சிமடை உங்களுக்கு எட்டும் தூரம். நிலத்தடி நீரை உறிஞ்சிய கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக அவ்வூர் மயிலம்மாவும் ஆதிவாசிப் பெண்களும் போராடினார்கள். நிலத்தடி நீர் மக்களுடையது என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆலையோ 2004 மார்ச்சிலேயே நின்றிருந்தது. ஒரே தண்ணீருக்கு இரண்டு தீர்ப்பு! நாயகன் நீதிமன்றத்தில் பேசி முடிக்கும் படங்கள் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை.

தோப்புக்காரரைக் கெட்டவராக்காதீர்கள். தென்னை காயக்கூடாதென்று கடன் வாங்கிப் போர் போட்டவராக இருக்கட்டும். அந்தப் போரில் நிரம்பிய டேங்கர் லாரியிடம், கிணறு வற்றிய பக்கத்து வீட்டுக்காரரே காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கட்டும். ஆயிரம் பேர் திரளும் காட்சியைவிட அது வலிக்கும்.

போர் போடும் வண்டி வருவதைக் காட்டினால் ஒன்று கவனியுங்கள்: 2002ஆம் ஆண்டு கேரள நிலத்தடி நீர்ச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதுக் கிணறு தோண்ட அனுமதி வேண்டும். வாங்கினாரா, வாங்காமல் ராத்திரியோடு முடித்தாரா என்பதை ஒரு வசனத்திலாவது சொல்லிவிடுங்கள்.