'ட்ரீம்' ஏன் 21 நிமிடம்?

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவின் 'பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் எடர்னிட்டி' என்ற மேடைப் பதிவு ஆல்பத்தைக் கேட்டேன். ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரும் பில்லி கோபமின் டிரம்ஸும் சண்டை போடுகின்றன, அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. அதிலுள்ள 'ட்ரீம்' என்ற உருப்படி ஸ்டூடியோவில் 11 நிமிடம், இங்கே 21. மிச்சம் பத்து நிமிடம் எதற்கு?

ம., கோவை

அன்புள்ள ம.,

சண்டை என்று சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். 1973 ஜூனில் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தபோதே குழுவுக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை. முதல் இரண்டு ஆல்பங்களிலும் எல்லா மெட்டும் மெக்லாஃப்லினுடையது. மற்றவர்களுக்கு அந்த மனக்குறை. நீங்கள் சொல்லும் ஸ்டூடியோ 'ட்ரீம்' இருக்கும் அந்தப் பதிவு கிடப்பில் போனது, 1999இல்தான் வெளிவந்தது. அதற்குப் பதிலாக, ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததை ஆல்பமாக்கினார்கள். அதில் 'சிஸ்டர் ஆண்ட்ரியா' கீபோர்டு வாசித்த யான் ஹாமரின் மெட்டு. அந்த வருடக் கடைசியில் குழுவே கலைந்துவிட்டது.

சரி, அந்தப் பத்து நிமிடம். ஸ்டூடியோ 'ட்ரீம்' திருத்தமானது; எனக்கு அது ஒத்திகை மாதிரிதான் படுகிறது. மேடையில் கிட்டார் ஒன்றைச் சொல்ல, டிரம்ஸ் அதைப் பிடுங்கித் திருப்பி எறிகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் புதிதல்ல. அங்கே கணக்கு கறாராக இருக்கும், இங்கே அடுத்தவர் எப்போது விடுவார் என்பது வாசிப்பவருக்கே தெரியாது. சில இடங்களில் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்தரித்தால் அந்தப் பதற்றமும் போய்விடும்.

மெக்லாஃப்லின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 1975இல் எல். சங்கரின் வயலின், ஜாகிர் ஹுசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் என்று 'சக்தி' என்ற குழுவோடு வந்தார். அவர்களுடைய முதல் ஆல்பமும் மேடைப் பதிவுதான். அதை அப்புறம் கேளுங்கள்.

அதற்கு முன் 'ட்ரீம்' இன்னொரு தடவை. மெக்லாஃப்லினின் கிட்டாரை விட்டுவிட்டு ரிக் லேர்டின் பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற நால்வரும் எங்கே பறந்தாலும் மனிதர் இடத்தை விட்டு நகரமாட்டார். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.