சனிக்கிழமை இரவு 12:40 பஸ் செயலியில் வராதது ஏன்?

தேதியை ஞாயிறு என்று மாற்றி, நேரம் 00:40 என்று போட்டுத் தேடுங்கள். நிறுத்தத்தில் ஒட்டிய அட்டவணையில் சனிக்கிழமைக்குக் கீழே இருக்கும் பஸ், செயலியில் சனிக்கிழமை தேடினால் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே பஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும்.

பஸ் நடத்துபவர்களுக்கு ஒரு நாள் நள்ளிரவில் முடிவதில்லை, கடைசி வண்டி பணிமனைக்குத் திரும்பும்போதுதான் முடிகிறது. பல செயலிகள் படிக்கும் ஜிடிஎஃப்எஸ் (பஸ் அட்டவணைகளைப் பகிரப் பயன்படும் பொதுவான வடிவம்) கோப்புகளில் அந்த வண்டி சனிக்கிழமைக் கணக்கில் 24:40:00 என்றே எழுதப்படும். 1:10 மணி வண்டி என்றால் 25:10:00. செயலியோ நாள்காட்டிப்படி அதை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோய்விடுகிறது.

இதில் ஏமாந்துபோக நிறைய வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை 00:40 என்று தேடினால் வருவது வெள்ளி இரவு வண்டி. அதைப் பார்த்துவிட்டுச் சனி இரவு போய் நின்றால், அன்றைய அட்டவணை வேறாக இருந்து வண்டி வராமல் போகலாம். பயணிக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது செயலியின் பொறுப்பு, பலவற்றில் அது நடப்பதில்லை.

சரிபார்க்க, கிடைத்த முடிவைத் தொட்டு அந்த வண்டியின் நிறுத்தங்களை விரித்துப் பாருங்கள். நள்ளிரவுக்கு முன்பே கிளம்பும் வண்டி என்றால், முதல் நிறுத்தத்தில் சனிக்கிழமை 23:50 மாதிரி ஒரு நேரம் இருக்கும். அப்படியிருந்தால் உங்கள் வண்டி அதுதான்.

அப்புறம் ஒன்று: விடுமுறை நாட்களில் தனி அட்டவணை ஓடலாம், அன்று இதை நம்பாதீர்கள். ஒருநாள் பாஸ் வைத்திருந்தால் அது நள்ளிரவோடு முடிகிறதா, கடைசி வண்டிவரை செல்லுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.