மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தால் என்ன ஆகலாம் என்று கேட்ட தங்கைக்கு

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் எம்.எஸ்சி முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குக் கோலாலம்பூர் வரப்போகிறாய். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெரிய ஆளானவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாய்: "ஐந்து பிரதமர்கள், மத்திய வங்கி ஆளுநர், சிங்கப்பூர் அதிபர் எல்லாம் படித்த இடம். அங்கே முடித்தால் வேலைக்கு வழி பிறக்குமா அக்கா? அறை வாடகை, சைவச் சாப்பாடு எல்லாம் எப்படி?" வயதில் சின்னவள் என்று தெரிகிறது, நீ என்றே எழுதுகிறேன்.

செலவுக் கணக்கை உன் ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள். எனக்கு அந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் நான் வந்த நேரத்தில் அதில் இருந்த மூன்று பேர் ஒரே சமயத்தில் என் தலையில் வந்து இறங்கினார்கள்.

நான் இதே பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் முதுகலைக்கு வந்தது 1998இல். கோலாலம்பூருக்கான புதிய சிப்பாங் விமான நிலையம் அந்த ஜூனில்தான் திறந்திருந்தது, சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. நான் அறை தேடி அலைந்துகொண்டிருந்த செப்டம்பர் முதல் வாரத்தில், மத்திய வங்கியின் தற்காலிக ஆளுநராக இருந்த ஸெத்தி அக்தார் அஸிஸ் வெளிநாட்டுப் பணப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு அறிவித்தார். மறுநாள் மலேசிய நாணயமான ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று பூட்டப்பட்டது. அதே நாளில் பிரதமர் மகாதீர், துணைப்பிரதமர் அன்வார் இப்ராஹிமைப் பதவியிலிருந்து தூக்கினார். மூவருமே உன் பட்டியலில் இருப்பவர்கள். ஸெத்தி அங்கே பொருளாதாரம் படித்தவர். அன்வார் மலாய் இயல் படித்த மாணவர் தலைவர். மகாதீர் மருத்துவம். அவர் படித்தது சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரி. 1949இல் அதையும் ராபிள்ஸ் கல்லூரியையும் சேர்த்துத்தான் மலாயாப் பல்கலைக்கழகம் உண்டாக்கினார்கள். கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமாக நின்றது 1962இல். அதனால் மகாதீரைச் சிங்கப்பூர்க்காரர்களும் தங்கள் பழைய மாணவர் என்பார்கள், இவர்களும் என்பார்கள்.

எனக்கு அப்போது அரசியல் ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த டாலரை என்ன செய்வது என்பதுதான் கவலை. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் பணம் மாற்றப் போனால், "போராட்டம் இருக்கு, வீட்டுக்குப் போம்மா" என்று கடைக்காரர் பாதிக் கதவை இறக்கிவிட்டார்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். அதில் உள்ளவர்களை உற்றுப் பார். படித்த படிப்பிலேயே நின்றவர்கள் எத்தனை பேர்? மகாதீர் அலோர் ஸ்டாரில் கிளினிக் வைத்துக் கொஞ்ச காலம் ஊசி போட்டார், பிறகு அரசியல். அப்துல்லா படாவி இஸ்லாமிய இயல் படித்து, அரசு அதிகாரியாக இருந்து, பிரதமரானார். அன்வார் 1974இல் பாலிங் விவசாயிகளுக்கான போராட்டத்தில் உள்ளே போனார், பின்னால் மகாதீரே அவரைக் கட்சிக்குள் அழைத்து வந்தார், அதே மகாதீர் காலத்தில் திரும்பவும் உள்ளே போனார், 2022இல் பிரதமரானார். இதில் எந்தப் பாடத்திட்டம் என்ன செய்தது?

நம் ஆட்களில் எனக்குப் பிடித்தவர் எஸ்.ஆர். நாதன். மூவாரில் வளர்ந்தவர், வீட்டைவிட்டு ஓடியவர், குமாஸ்தா வேலை பார்த்தவர். முப்பதை நெருங்கும்போதுதான் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1954இல் சமூகப் பணியில் டிப்ளோமா வாங்கினார். பட்டம்கூட இல்லை, டிப்ளோமா! மருத்துவமனையில் சமூகப் பணியாளர், கப்பல் தொழிலாளர் நல அதிகாரி, தொழிற்சங்கம், வெளியுறவு, பத்திரிகை நிறுவனத்துக்குத் தலைவர், மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதர், கடைசியில் 1999இலிருந்து 2011வரை சிங்கப்பூர் அதிபர். இறந்தபோது அரசு மரியாதைக்கு நடுவே ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டைப் போட்டார்கள். நான் அன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் இருந்த சீனப் பெண் பயந்துவிட்டாள்.

எழுத்துப் பக்கம் போனால் ரெ. கார்த்திகேசு. வானொலி, தொலைக்காட்சியில் இருந்துவிட்டு, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் சாதனப் பேராசிரியராகி, கூடவே சிறுகதை, நாவல், விமர்சனம் என்று எழுதிக்கொண்டே இருந்தவர். கே.எஸ். மணியம் கெடாவில் பிறந்த தமிழர், ஆங்கிலத்தில் நாவல் எழுதியவர், படித்த மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே பிறகு பாடம் நடத்தியவர். ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் தெரியாது. கேட்டால் "இங்கே எழுத்தாளர்கள் இருக்கிறார்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உன் சொந்தப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள். துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்து உங்கள் அண்ணாமலையில் பி.ஏ. படித்தவர். திரும்பி வந்து மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகி அமைச்சரானார். வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். நீ கோலாலம்பூரில் நம் ஆட்கள் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் முதலில் மிதிக்கும் தெருவே அவர் பெயரில்தான் இருக்கும். தனிநாயகம் அடிகளும் அண்ணாமலையில் தமிழ் படித்தவர்தான். யாழ்ப்பாணத்துப் பாதிரியார், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்து, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இதே கோலாலம்பூரில் நடத்தினார். சென்னை மாநாடு அதற்கு அப்புறம்தான். அந்தத் துறையே சும்மா வந்துவிடவில்லை. கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோது கூலித் தொழிலாளிகள் கொடுத்த வெள்ளியும் அதில் இருக்கிறது.

ஆனால் ஒன்று. இவர்களில் பெரும்பாலோர் கையில் உள்ளூர்க்காரர் என்ற அடையாள அட்டை இருந்தது. வழி மாறிப் போக அது போதும். உன் கையில் இருக்கப்போவது மாணவர் பாஸ். வேதியியலில் இருந்து பத்திரிகைக்கோ, தொழிற்சங்கத்துக்கோ நீ தாவ முடியாது. படிப்பு முடிந்த கையோடு பாஸும் முடியும். பொதுவாக ஒரு நிறுவனம் உனக்காக மனுப் போட்டு வேலை பாஸ் வாங்கினால்தான் இருக்கலாம், அந்த வேலை போனால் அந்தப் பாஸும் போகும். பழைய மாணவர் விருந்தில் பட்டம் வாங்கிய எந்தப் பெரிய மனிதரான டத்தோவோடு நின்று படம் எடுத்துக்கொண்டாலும் இது மாறாது. படம் எடுத்தவர்களை எனக்குத் தெரியும், வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அதனால் காகிதத்தில் கவனமாக இரு. மாணவர் விசாவுக்கான அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே விமானம் ஏறு. இந்தியர்களுக்கு இப்போது விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்று இருக்கிறது, "அதில் வந்துவிடு, இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜண்ட் சொல்வான். நம்பாதே. வந்து ஏழு நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை முடித்துவிடு. பாஸ் வேலைக்காகப் பல்கலைக்கழகம் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, கேட்டால் கொடு, ரசீது கேட்டு வாங்கிக்கொள். வேறு யார் கேட்டாலும், வீட்டுக்காரரோ பகுதிநேர வேலை தருகிறேன் என்பவரோ, கொடுக்காதே. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடை ஒன்றில் வேலை செய்த நம் ஊர்ப் பையன்கள் பலருடைய கடப்பிதழ் முதலாளியின் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலாளியும் நம் ஆள்தான், நெற்றி நிறையத் திருநீறு. ஊர்வலம், கோஷம் எது நடந்தாலும் வேடிக்கை பார்க்கக்கூட நிற்காதே. உள்ளூர் மாணவர்கள் கட்சியில் சேரவே 2012வரை சட்டம் விடவில்லை. நாம் எம்மாத்திரம்?

அறை விஷயம். நீ வாடகை எவ்வளவு என்று கேட்டாய், கொடுப்பார்களா என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது பேருந்து நிறுத்தத் தூண்களில் அறை வாடகைத் தாள் ஒட்டியிருப்பார்கள், அடியில் தொலைபேசி எண்ணைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக்கொள்ளலாம். நான் கிழித்த கீற்றுகள் பர்ஸ் நிறைய இருந்தன. பொதுத் தொலைபேசியில் காசு போட்டு அழைத்தால் முதல் கேள்வி, "இந்தியரா?" ஆமாம் என்றதும் "ஆள் வந்தாச்சு" என்பார்கள். இதே கேள்வியை இப்போது கைப்பேசியில் கேட்கிறார்கள், விளம்பரத்திலேயே எழுதியும் விடுகிறார்கள். நம் சமையல் வாசனையாம். பெலாச்சான் என்ற இறால் விழுதை வறுக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார்கள். கிடைத்தால், இரண்டு மாத வாடகை முன்பணம், ஒரு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று சேர்த்துக் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் காசை எடுக்காதே. முதல் பருவத்துக்குக் கல்லூரி விடுதி கிடைத்தால் யோசிக்காமல் பிடித்துக்கொள்.

எனக்குக் கடைசியில் பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 17இல் அறை கொடுத்தது ஓய்வுபெற்ற ஒரு தமிழ் ஆசிரியை. அவரும் மலாயாப் பல்கலைக்கழகம்தான், இந்திய ஆய்வியல், அறுபதுகள். அந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது வந்தவர்களுக்கு நிகழ்ச்சி நிரல் கொடுக்கும் வேலை அவருக்கு. மூன்று நாள் ஒரே வெள்ளைச் சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டியதாகச் சொல்வார். தனிநாயகம் அடிகள் எவ்வளவு வேகமாக நடப்பார் என்று கூடத்தில் நடந்து காட்டுவார், அறுபது வயதில், கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர் பின்னால் பெரிய பதவிக்குப் போனார். தொலைக்காட்சியில் அந்த முகம் வந்தால் அம்மா சத்தமாகச் சொல்வார், "என் தொல்காப்பிய உரையை வாங்கிட்டுப் போனவன், இன்னும் திருப்பித் தரலை." காலையில் நான் கிளம்பும்போது "பசியாறிட்டியா?" என்று கேட்காமல் விட்டதே இல்லை. மலாய் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். மீன் விற்க வரும் லாரிக்காரனிடம் என்னைப் பேச விட்டுவிட்டு, பின்னால் நின்று திருத்துவார்.

அந்த மலாய்தான் எனக்குச் சோறு போட்டது. ஷா ஆலமில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நேர்முகம் போனபோது, என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கிய ஊர்ப் பையன்கள் இருந்தார்கள். இயந்திரத்தில் நிற்கும் அக்காக்களிடம் மலாயில் பேசத் தெரிந்தது நான் ஒருத்திதான். அப்புறம் அங்கேயே மேலே வந்தேன், ஈப்போக்காரரைக் கட்டிக்கொண்டேன், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையும் வந்தது. நம் ஆட்கள் பலர் கணினி நிறுவனங்கள் இருக்கும் சைபர்ஜெயாவில் பல வருஷம் இருந்தும், மலாயில் நன்றி சொல்லும் "தெரிமா காசே" தாண்டியதில்லை. எட்டுப் பேர் ஒரே வீடு, ஊர்ச் சேனல், ஊர்ப் பொடி, ஊர் அரசியல். சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக ஒரு காலைத் தூக்கியபடி நிற்பார்கள். அது அவர்கள் இஷ்டம். ஆனால் உள்ளூர்த் தமிழரைப் பார்த்து "இவங்க தமிழ் ஒரு மாதிரி" என்று சிரிப்பார்கள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. காசு திரட்டித் துறை வாங்கியவர்கள் அவர்கள். உன் தமிழுக்கு அப்பா அம்மா பள்ளிக் கட்டணத்தைத் தவிர வேறு யார் என்ன கொடுத்தார்கள்?

சைவச் சாப்பாடு கேட்டிருந்தாய். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைக் கடைகள் இருக்கின்றன, சீனர்களின் சைவக் கடையும் உண்டு, பட்டினி கிடக்க மாட்டாய். பல்கலைக்கழகச் சிற்றுண்டிச் சாலையில் கங்கோங் கீரையைப் பார்த்துவிட்டுக் கீரைதானே என்று போட்டுக்கொள்ளாதே. இறால் விழுது போட்டிருப்பார்கள், சம்பலிலும் அதுதான். "அடா பெலாச்சான் தாக்?", பெலாச்சான் இருக்கிறதா இல்லையா, என்று கேட்டுவிட்டு வாங்கு. அந்த வாக்கியத்தை விமானத்திலேயே மனப்பாடம் பண்ணிக்கொள்.