300 டாலருக்குள் பழைய ராணுவ பிஸ்டல்: முதலில் தோட்டா விலையைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். ரேஞ்சில் சுடுவதற்கும் சேகரிப்பாக வைத்துக்கொள்வதற்கும் பழைய ராணுவ பிஸ்டல் ஒன்று 300 டாலருக்குள் வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். நான் ஓஹையோவில் இருக்கிறேன். 2012இலிருந்து இந்த வகையில் மூன்று வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பிஸ்டலைத் தேடும் முன் அதற்குப் போடும் தோட்டா இன்று என்ன விலை, உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். மலிவு என்பது பிஸ்டலோடு முடிந்துவிடும். தோட்டாச் செலவு மாதா மாதம் வரும்.

இவை ஏன் மலிவாக வந்தன என்று தெரிந்தால் இது புரியும். பனிப்போர்க் காலத்தில் கிழக்கு ஐரோப்பிய ராணுவங்களும் போலீசும் பெரும்பாலும் 9×18 மகரோவ் தோட்டாவுக்கு மாறியிருந்தன (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது தோட்டா உறையின் நீளம், இரண்டும் சுமாராக மி.மீ.இல்). போலந்து, செக், ஹங்கேரி மூன்றும் 1999இல் நேட்டோவில் சேர்ந்தன. நேட்டோவின் தோட்டா 9×19. பழைய பிஸ்டல்கள் கிடங்குகளில் தேங்கின, அமெரிக்க இறக்குமதியாளர்கள் மொத்தமாக அள்ளி வந்தார்கள். நான் செக் நாட்டு சிஇசட்-82 ஒன்றை 200 டாலர் சொச்சத்துக்கு வாங்கியது அப்படித்தான். அன்று 50 தோட்டாப் பெட்டி 12 டாலர். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு அமெரிக்க அரசு தடை போட்ட பிறகு அந்த விலையைப் பார்க்கவே முடியவில்லை. மாதம் இரண்டு பெட்டி சுடுபவர் ஒரே வருடத்தில் பிஸ்டல் விலையைத் தோட்டாவுக்குக் கொடுத்துவிடுவார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 9×18, 9×19 இரண்டையும் பேச்சில் '9 எம்எம்' என்றுதான் சொல்வோம். ஆனால் மகரோவ் குண்டின் விட்டம் சுமார் 9.27 மி.மீ., மற்றதன் விட்டம் சுமார் 9.01 மி.மீ. ஒன்றுக்கு இன்னொன்றைப் போடக் கூடாது. கடையில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுதாகப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு உள்ளவர், அந்த மாநிலத்தில் வசிப்பவர், வயது 21 ஆனவர் என்றால் உரிமம் பெற்ற கடையில், துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை எழுதி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கலாம். வேறு மாநிலத்தில் இணையம் வழியாக வாங்கினாலும் பிஸ்டல் உங்கள் ஊர்க் கடைக்குத்தான் வரும். அவர்கள் அதற்குத் தனியாக ஒரு கட்டணம் வாங்குவார்கள், அதையும் 300க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள். 'சிட்டிசன் நண்பன் பேரில் வாங்கி நான் வைத்துக்கொள்கிறேன்' என்று நம்மவர்கள் சாதாரணமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். அது கூட்டாட்சிக் குற்றம். 2022 சட்டத்தின்படி 15 ஆண்டு வரை சிறை. நண்பரும் மாட்டுவார்.

சேகரிப்பாளர் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. 30 டாலர், மூன்று வருடத்துக்குச் செல்லும். 50 வயது தாண்டிய துப்பாக்கிகளையும் அரசுப் பட்டியலில் உள்ளவற்றையும் அதை வைத்து வீட்டுக்கே வரவழைக்கலாம், வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் எழுதி வர வேண்டும். ஒரே ஒரு பிஸ்டலுக்கு அது தேவையில்லை.

இனி என்னுடைய முதல் பிஸ்டல் கதை, அதாவது நான் செய்த தவறு. 1950களில் செய்த ருமேனிய டோக்கரெவ். மெலிந்த, தட்டையான, அழகான பிஸ்டல். 7.62×25 தோட்டா, சுட்டால் ரேஞ்சில் பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கூடவே தகர டப்பாவில் அடைத்த பழைய ராணுவத் தோட்டாவும் மலிவாகக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்டுவிட்டு, துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் குழலுக்குள் செந்துரு. அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்ததும் ஒருவகை உப்பாகக் குழலில் படியும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். அறுபது வருடம் கிரீஸுக்குள் பத்திரமாக இருந்ததை நான் பத்தே நாளில் கெடுத்தேன். இன்றும் குழலில் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன, பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படும்.

எண்ணெய் மட்டும் அந்த உப்பைப் போக்காது. தண்ணீர்தான் கரைக்கும். அன்றைக்கே குழலில் சூடான தண்ணீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் போட வேண்டும். இரும்பு தோசைக்கல்லைக் கழுவியதும் ஈரம் போகக் காயவைத்து எண்ணெய் தடவி வைப்போமே, அதே வேலைதான். முடிந்தால் அந்தத் தோட்டாவே வேண்டாம். செர்பியாவில் செய்யும் புதுத் தோட்டாவில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூட.

டோக்கரெவில் இன்னொன்றையும் கவனியுங்கள். மூல வடிவத்தில் அதற்குத் தனி சேஃப்டியே (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) கிடையாது, ஹேமரை, அதாவது பின்னாலிருந்து அடிக்கும் சுத்தியலை, பாதியில் நிறுத்தும் வெட்டு மட்டும்தான். அமெரிக்க இறக்குமதி விதிக்காகப் பின்னால் ஒரு சேஃப்டியைப் பொருத்தி அனுப்பினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குழலின் பின்முனையில் இருக்கும் தோட்டா அறையில் தோட்டா ஏற்றிய நிலையில் அதை எங்கேயும் எடுத்துப்போகாதீர்கள்.

நான் மனதாரப் பரிந்துரைப்பது சிஇசட்-82. முழு இரும்பு உடல், மேகசினில் 12 தோட்டா, சேஃப்டியும் மேகசினை விடுவிக்கும் பொத்தானும் இரண்டு பக்கமும் இருப்பதால் இடதுகைக்காரருக்கும் வசதி. குழலின் உள்ளே குரோம் பூச்சு உண்டு, அதனால் பழையதாக இருந்தாலும் பெரும்பாலும் குழல் பளிச்சென்று இருக்கும். மேலே அடித்த கருப்புப் பெயின்ட் அங்கங்கே உதிர்ந்திருக்கும், அதைக் குறையாக நினைக்காதீர்கள். இப்போது 300க்குள் கிடைப்பது கஷ்டம்தான். கிடைத்தால் விடாதீர்கள்.

போலந்தின் பி-64 சின்னது, அழகானது. ஆனால் முதல் சூட்டுக்கு டிரிகரை இழுக்க விரல் வலிக்கும், உதையும் கடுமை. ரேஞ்சில் ஐம்பது தோட்டா சுட்ட பிறகு ஆசை தீர்ந்துவிடும்.

நிறைய சுட வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஸ்பெயினின் ஸ்டார் பிஎம்மைத் தேடுங்கள். அந்நாட்டு சிவில் கார்டு போலீஸ் படை வைத்திருந்தது. 9×19 தோட்டா, எந்தக் கடையிலும் கிடைப்பது, இருப்பதிலேயே மலிவும் அதுதான். பார்க்க அமெரிக்க ராணுவத்தின் பழைய பிஸ்டலான கோல்ட் 1911இன் தம்பி மாதிரி இருக்கும். செய்த கம்பெனி 1997இல் மூடிவிட்டது, ஆகவே உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டும். முக்கியமாக, தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்து விளையாடாதீர்கள். இதன் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) உடைவதற்குப் பேர் போனது.

எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் உடனே ரேஞ்சுக்கு ஓடாதீர்கள். கிடங்கில் வைப்பதற்காகத் தடவிய கெட்டி கிரீஸ் ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள்ளும் இறுகிப்போயிருக்கும். பின் முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், ஸ்லைடு (பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதி) மூடும்போதே தோட்டா வெடிக்க வாய்ப்பு உண்டு. முழுவதும் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றுங்கள், செலவு அதிகமில்லை. முதல் தடவை மேகசினில் ஒன்று, அப்புறம் இரண்டு என்று போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஒரு இழுப்புக்கு இரண்டு வெடித்தால் அப்படியே நிறுத்திவிட்டு, துப்பாக்கி ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பூட்டும் பெட்டி ஒன்றை பிஸ்டலோடு சேர்த்தே வாங்குங்கள், பட்ஜெட்டில் அதற்கு இடம் வையுங்கள். என் வீட்டில் அப்போது ஆறு வயதுக் குழந்தை. பிஸ்டல் ஒரு பெட்டியில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில் இருந்தது, இன்றும் அப்படித்தான். வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருந்தால் அந்தக் காலத்தில் பிஸ்டல் வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு, 9 மி.மீ. அங்கே தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகை. இங்கிருந்து லக்கேஜில் கொண்டுபோகும் நினைப்பே வேண்டாம்.

கடைசியாக, கடை மேசையில் பிஸ்டல் கைக்கு வந்ததும் மேகசினை எடுத்து, தோட்டா அறை காலியா என்று பார்த்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைக் குழலில் காட்டிப் பாருங்கள். பிறகு கைப்பிடித் தகடுகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மேலே பளபளவென்று இருந்த ஒரு ஸ்டார் பிஎம்மில் தகட்டுக்கு அடியில் இரும்பே அரித்துப் போயிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கழற்ற மாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள்.